மேட்டுக்குத் தண்ணீர் விட்டவர்

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வால்வுக்காரர் என்பார்கள். கோபம் வந்தால் தண்ணிக்காரன் என்பார்கள். கோபம் அடிக்கடி வரும், ஏனென்றால் எங்கள் ஊரில் தண்ணீர் போதும் என்று சொன்ன வீடு ஒன்றுகூடக் கிடையாது. நான் கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறேன், அதற்கு மட்டும் ஒழுங்காகத் திரும்பிப் பார்ப்பார்.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. மார்பளவு உயரமான இரும்புச் சாவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையில் கிளம்புவார். சாலையில் அங்கங்கே வட்டமாக இரும்பு மூடி பதித்திருக்கும். அதைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றுவார். ஒரு தெருவுக்குத் தண்ணீர் வரும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். சுற்றி முடித்ததும் சாவியின் மேல்முனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பூமிக்குள் தண்ணீர் ஓடுகிறதா, எங்காவது கசிகிறதா என்பதெல்லாம் அந்த இரும்பு வழியாகக் கேட்குமாம். கல்யாணமான புதிதில், நடுரோட்டில் ஒரு கம்பியிடம் ரகசியம் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த மனிதரைப் பார்த்துவிட்டு, நல்லா விசாரிச்சுத்தான் கொடுத்தீங்களா என்று என் அம்மாவிடம் கேட்டேன்.

எங்கள் ஊர் இரண்டு பாகம், மேடு ஒன்று, பள்ளம் ஒன்று. மேட்டில் ஆபீஸ் வேலைக்காரர்களும் கடை வைத்திருப்பவர்களும் இருந்தார்கள். பள்ளத்தில் மார்க்கெட், பட்டறைகள், எங்கள் வீடு. மகளை மேட்டில்தான் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், கொஞ்சம் அதிகமாகப் பேசுவார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய் மணிக்கூண்டு சந்திப்பில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேட்டுக்கும் ஒன்று பள்ளத்துக்கும் போகும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் மொத்தமும் பள்ளத்துக்கு ஓடிவிடும், மேட்டுக் குழாயில் காற்றுதான் வரும். அதனால் மேட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பள்ளத்தை மூடியே ஆக வேண்டும். காலையில் பள்ளத்தை மூடி மேட்டுக்கு விடுவார். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்துக்கு. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

சந்தேகம் மட்டும் எப்போதும் இருந்தது. தன் வீடு பள்ளத்தில் இருப்பதால் பள்ளத்துக்குக் கூடுதலாக விடுகிறார் என்று மேட்டில் பேச்சு. மகள் வீடு மேட்டில் இருப்பதால் மேட்டுக்கு அள்ளி விடுகிறார் என்று பள்ளத்தில் பேச்சு. எதிரில் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. பூட்டிய கதவைத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் ரகம். நான் உப்புப் போட்டேன் என்று சொன்னால்கூட நம்பாமல் ருசி பார்ப்பார். சந்தேகப்படுவது தப்பில்லை, சரிபார்த்துவிட்டால் போயே போய்விடும் என்பது அவர் கட்சி. ரொம்ப நாள் நானும் அதைச் சரி என்றே நினைத்தேன்.

அந்த வருஷம் ஊரே சேர்ந்து அரசாங்கத்தை எதிர்த்தது. நாட்டுத் தலைவர் எத்தனையோ காலமாக அதே நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தார். தேர்தலை ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப்போட்டார். கேட்டவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது, போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஜனம் ஒரு நாள் அரசு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் மைதானத்தில் போய் உட்கார்ந்தது. மேடு, பள்ளம் என்று யாரும் பார்க்கவில்லை. சலூன் வைத்திருக்கும் பள்ளத்துக்காரர் ஒருவர் பாயை விரிக்க, அதில் எங்கள் மாப்பிள்ளை படுத்துத் தூங்கினார். யாரும் கதவைப் பூட்டவில்லை, துரத்தப்பட்டு ஓடி வருகிறவன் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். எங்கள் அடுப்படியில் நான் பார்த்தே இராத இரண்டு பேர் ஒளிந்திருந்து, போகும்போது பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

மைதானத்தில் உட்கார்ந்த கூட்டத்தை எழுப்ப அரசாங்கம் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தது. மைதானத்துக் குழாய்களை நிறுத்திவிட்டால் வெயிலே துரத்திவிடும். உத்தரவு எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் வந்தது. அன்று காலையில் எங்கள் வீட்டு வாசலில் மேட்டுக்காரர்களும் பள்ளத்துக்காரர்களும் கலந்து நின்றார்கள். எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தைதான், மூடிடாதீங்க.

மூடமாட்டேன் என்று சொல்கிற தைரியம் இவருக்குக் கிடையாது. வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது என்று ஆபீசரிடம் போய்ச் சொன்னார். அந்த ஆபீசர் யாரையும் நம்பாதவர். இரண்டு போலீஸ்காரர்களோடு ஜீப்பில் வந்து இறங்கி, என் முன்னால சுத்துய்யா பாக்கலாம் என்றார். இவர் சாவியைப் பிடித்து முக்கினார், முனகினார், கழுத்து நரம்பு புடைத்தது. வால்வு அசையவில்லை. போலீஸ்காரர்களையும் பிடிக்கச் சொன்னார் ஆபீசர். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கமாகத் தள்ள, எங்கள் வீட்டுக்காரர் நடுவில் நின்று உதவி செய்வதுபோல் எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். வருஷக்கணக்காகச் சாவி சுற்றிய கை அது. இரண்டு போலீஸ்காரர்களுக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். ஆபீசர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மைதானத்துக் குழாய்களில் தண்ணீர் நிற்கவே இல்லை. அந்த மழைக்காலம் வருவதற்குள் நாட்டுத் தலைவர் குடும்பத்தோடு விமானம் ஏறி ஓடிவிட்டார்.

வெற்றிக் கூட்டத்தில் மாப்பிள்ளைதான் இவரை மேடையில் ஏற்றினார். மைக்கைப் பார்த்ததும் இவருக்கு என்ன ஆனதோ, வீட்டில் வாயே திறக்காத மனிதர் முக்கியது முனகியதெல்லாம் நடித்துக் காட்டினார். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆபீசருக்கே தண்ணி காட்டிய மனுஷன் என்று தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இதை ஏன் ஊருக்கெல்லாம் சொன்னீங்க என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஜெயிச்சாச்சே, இனி யாருக்கு மறைக்கணும் என்றார்.

நாற்காலி காலியாக இருந்தது. யார் உட்காருவது என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தலைவர் ஓடிய அன்று போலீஸ் கிடங்கிலிருந்து ஜனம் எடுத்த துப்பாக்கிகளில் பாதி மேட்டில் இருந்தது, பாதி பள்ளத்தில். திருப்பிக் கொடுங்கள் என்று இரண்டு பக்கமும் சொன்னது, யாரும் கொடுக்கவில்லை. பட்டாளமும் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தது. முதலில் மார்க்கெட்டில் ஒரு அடிதடி, அப்புறம் ஒரு சாவு, அதற்குப் பதிலாக மேட்டில் இரண்டு சாவு. கொஞ்ச நாளில் மணிக்கூண்டு சந்திப்பில் சாலைக்குக் குறுக்கே மணல் மூட்டைகள் அடுக்கினார்கள். மகளைப் பார்க்கப் போவது அத்தோடு நின்றது. சலூன்காரர் பள்ளத்துக் கமிட்டிக்குத் தலைவரானார். மாப்பிள்ளை மேட்டுக் கமிட்டியில் சேர்ந்தார். ஒரே பாயில் படுத்துத் தூங்கியவர்கள்.

செல்போனில் மாப்பிள்ளையிடம் கேட்டேன், இது என்ன உள்நாட்டுப் போரா என்று. அவர் வகுப்பு எடுப்பதுபோல் விளக்கினார். உள்நாட்டுப் போர் என்றால் ஜனங்களே இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் கொல்வது. இது அப்படி இல்லை, புரட்சியைக் காப்பாற்றுகிற போராட்டம், எதிர்ப்பக்கம்தான் அதை உள்நாட்டுப் போர் ஆக்குகிறது என்றார். அடுத்த நாள் சலூன்காரரிடம் அதையே கேட்டேன். அவரும் அதே விளக்கத்தை அச்சுப் பிசகாமல் சொன்னார், எதிர்ப்பக்கம் மட்டும் மாறியிருந்தது.

எனக்குப் போராட்டத்துக்கும் போருக்கும் உள்ள வித்தியாசம் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அரசாங்கத்தை எதிர்த்தபோது வாசலில் நின்றவர்கள் மூடிடாதீங்க என்றார்கள். இப்போது வாசலில் நின்றவர்கள் அவங்களுக்கு மூடிடுங்க என்றார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பழைய முகங்கள்தான். நான் யாருக்கும் மூடமாட்டேன், வழக்கப்படி விடுவேன் என்றார் இவர். பள்ளத்தை மூடினால்தான் மேட்டுக்குப் போகும் என்பது அத்தனை காலமும் ஒரு வேலை முறை. இப்போது தினமும் காலையில் இவர் எங்கள் தெருவின் தண்ணீரை நிறுத்தும்போது, சொந்த ஜனத்துக்குத் துரோகம் செய்து எதிரிக்குக் கொடுப்பதாகத் தெருக்காரர்களுக்குத் தெரிந்தது. பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. எங்கள் குப்பையைக்கூட யாரோ கிண்டிப் பார்த்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுக்குத் தண்ணீர் போவது அடியோடு நின்றது.

இவர் வழக்கப்படி பள்ளத்தை மூடி மேட்டைத் திறந்திருக்கிறார். மேட்டில் ஒரு சொட்டு வரவில்லை. சாவியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார். மணல் மூட்டை ஏற்றிவந்த லாரிகள் சந்திப்பில் முன்னும் பின்னும் போனதில், மேட்டுக்குப் போகும் குழாய் பூமிக்குள் விரிசல் விட்டிருக்கிறது, தண்ணீரெல்லாம் மண்ணுக்குள் போகிறது என்றார்.

சலூன்காரரிடம் சொன்னதும் அவர் எழுந்து வந்து இவர் தோளைத் தட்டினார். நல்ல வேலை செஞ்சீங்கண்ணே என்று கண்ணடித்தார். இல்லப்பா, நிஜமாவே உடைஞ்சிருக்கு என்று இவர் சொல்லச் சொல்ல அவர் இன்னும் பலமாகக் கண்ணடித்தார். மேட்டுக்குச் செய்தி போனது. அங்கே காறித் துப்பினார்கள். ஆபீசர் காதிலேயே பூ சுற்றியவனுக்கு நாம் எம்மாத்திரம் என்றார்களாம். மைக்கில் நடித்துக் காட்டியதைப் பார்த்துச் சிரித்த அதே ஜனம்தான். ஒரு பக்கம் பாராட்டியது, ஒரு பக்கம் சபித்தது, உடைந்தது உடைந்ததுதான் என்று நம்புவதற்கு ஒரு ஆளில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. கமிட்டிக்காரர்களுக்குப் பயந்து மூடிவிட்டு நம்மிடமும் மறைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கு அது புரிந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு, வா என்றார். பட்டப்பகலில் இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவே என்னை மணிக்கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் சுடவில்லை, வால்வுக்காரரைச் சுட்டுவிட்டால் இருக்கிற தண்ணீரும் போய்விடும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். சாவியை வால்வுக்குள் ஊன்றி என் காதை அதில் வைக்கச் சொன்னார். காலுக்கு அடியில் எங்கேயோ உஸ்ஸென்று விடாமல் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பாதி குழாய்க்காக, பாதி என் புத்திக்காக.

மேட்டில் நிலைமை மோசமானது. ஒரு பழைய கிணற்றைத் தோண்டி அந்தக் கலங்கலைக் குடித்தார்கள். பேத்திக்கு அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வயசு. வயிற்றுப்போக்கு கண்டு துவண்டுபோய்க் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது. மகள் போனில் கூப்பிட்டாள். என்னிடம் பேசவில்லை, அப்பாவிடம் கொடு என்றாள். போன் சத்தம் வெளியே கேட்கும், அதனால் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அப்பா, நிஜத்தைச் சொல்லுங்க. மூடினது நீங்களா?"

"குழாய் உடைஞ்சிருக்கும்மா. அப்பா மூடல."

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஆபீசர்கிட்டயும் இப்படித்தானப்பா சொன்னீங்க."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு இவர் கொல்லைப்பக்கம் போய் நின்றார். நான் போனில் அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்றேன். அவள் அழுதாள். இங்க எல்லாரும் என்னைத்தாம்மா கேக்குறாங்க, உங்க அப்பா ஏன் இப்படிப் பண்றாருன்னு, நான் என்ன பதில் சொல்றது என்றாள். குழந்தையின் முனகல் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாளே நான் சலூனுக்குப் போனேன். கமிட்டி ஆபீஸும் அதுதான். கண்ணாடிக்கு முன்னால் துப்பாக்கியைச் சாத்தி வைத்துவிட்டு அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு சொம்புத் தண்ணீரை அவர் மேஜையில் வைத்தேன். அடியில் சேறு தங்கியிருந்தது. குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீர் நிற்கும் நேரத்தில் அழுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும், அது இரண்டு குழாயும் பிரிகிற சந்திப்பு வழியாகப் பள்ளத்துக்கும் சேர்ந்துதான் வரும் என்று இவர் சொல்லியிருந்தார். பள்ளத்துப் பிள்ளைகளுக்கும் வயிற்றுவலி ஆரம்பித்திருந்தது.

"இதைத்தான் உங்க பிள்ளைங்களும் குடிக்குது, தம்பி. உடையாத குழாய்ல சேறு எப்படி வரும்?"

அவர் சொம்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சேற்றை நானே கலந்துகொண்டு வந்தேனா என்று யோசிக்கிறார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆளனுப்பித் தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் சேறு. அப்புறம்தான் சம்மதித்தார். தோண்டும்போது தானே பக்கத்தில் நிற்க வேண்டும், சரிசெய்த பிறகு மேட்டுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கலாம் என்றார். உங்க பொண்ணு வீட்டுக் குடம் நிறையிற வரைக்கும் என்று குத்தலாகச் சொன்னதை நான் விழுங்கிக்கொண்டேன். மேட்டுப் பக்கத்திலிருந்து கண்காணிக்க மாப்பிள்ளையை அனுப்பினார்கள். தோண்டுகிற சாக்கில் சுரங்கம் வெட்டுகிறார் என்று அங்கே பயம். அங்கிருந்து வெடிவைக்கப் பார்க்கிறார்கள் என்று இங்கே பயம்.

நல்ல வெயிலில் தோண்டினார். நகராட்சி ஆட்கள் யாரும் வர மறுத்துவிட்டதால் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொடுக்க நான்தான் நின்றேன். பள்ளத்துப் பக்கம் சலூன்காரர், மேட்டுப் பக்கம் மாப்பிள்ளை, இரண்டு பேரும் கையில் துப்பாக்கியோடு. பையைத் திறந்து ஸ்பேனர், போல்ட், ரப்பர் என்று ஒவ்வொன்றாக இரண்டு தரப்பும் தனித்தனியாகச் சோதித்தார்கள். மாப்பிள்ளை எனக்கு வணக்கம் சொல்லவில்லை. குழந்தை எப்படி இருக்கு என்று நான் கேட்டதற்கு, அப்படியேதான் இருக்கு அத்தை என்றார், கண் மட்டும் மண்வெட்டியைவிட்டு நகரவில்லை.

இடுப்பளவு தோண்டியதும் குழாய் தெரிந்தது. நீளவாக்கில் ஒரு விரல் நுழையும்படி விரிசல். இவர் ஒதுங்கி நின்றார், அவர்களே பார்க்கட்டும் என்று. சலூன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை குழிக்குள் இறங்கி விரலை விட்டே பார்த்தார். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். இது எப்ப உடைஞ்சதுன்னு என்ன நிச்சயம் என்று கேட்டார். நேத்து நீங்களே உடைச்சிருக்கலாமே என்பதுதான் அதற்கு அர்த்தம். இவர் பையை இழுத்துக்கொண்டார். ரப்பரை விரிசல்மேல் சுற்றி, இரும்புப் பட்டையைப் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினார். சரிபார்த்துவிட்டால் சந்தேகம் போய்விடும் என்று வாழ்ந்த மனிதர், குழாயைத் திறந்தே காட்டியும் போகாததைப் பார்த்து என்ன நினைத்தாரோ தெரியாது.

பள்ளத்தை மூடி மேட்டைத் திறந்தார். கேட்டுப் பார்த்துவிட்டு, போகுது என்றார். அந்த ஒரு வார்த்தை சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. பேத்தி குடிச்சிடுவா என்று என்னிடம் சொன்னார். எனக்கும் நெஞ்சு லேசானது.

மேலே போன மாப்பிள்ளை சீக்கிரமே திரும்பி வந்தார். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்துவிட்டது, எல்லாரும் பிடித்தும் வைத்துவிட்டார்கள், ஆனால் யாரும் குடிக்கவில்லை என்றார். பள்ளத்துக்காரர்கள் இவ்வளவு சுலபமாகத் தண்ணீர் விடுவார்களா, குழாயைத் திறந்தபோது என்ன கலந்தார்களோ என்று தெருவில் பேச்சு. "மாமா, நீங்க ஒரு தடவை மேல வந்துட்டுப் போகணும்" என்றார். நீங்கள் பக்கத்திலேயே நின்றுதானே பார்த்தீர்கள், சொல்ல வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். சொன்னேன் அத்தை, மாமனாருக்காகப் பேசறேன்னு சொல்றாங்க என்றார். அவர் சொல்வதும் உண்மைதான். நானும் கூட வருவேன் என்றேன், பேத்தியைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தெருவில் நான் எத்தனையோ தடவை பலகாரப் பையோடு போயிருக்கிறேன். அன்று கதவுக்குக் கதவு ஆட்கள் நின்றார்கள். காலடியில் நிறைகுடங்கள். உதடு வெடித்துப்போய் நின்ற பிள்ளைகள்கூடக் குடத்தைத் தொடவில்லை, தொடவிடாமல் பிடித்திருந்தார்கள். எங்களைத் தெரிந்தவர்கள்தான் எல்லாரும். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை.

மகள் வாசலில் நின்றாள். இடுப்பில் பேத்தி துணிபோல் துவண்டு கிடந்தாள், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. நான் கையை நீட்டினேன், அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. குனிந்து குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். குழந்தைக்குத்தான் என்று நினைத்தேன். அவள் அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, நீங்க முதல்ல குடிங்க."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது கமிட்டி மிரட்டியிருக்க வேண்டும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. யாருடி இப்படிச் சொல்லச் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலம்மா" என்றாள்.

இவர் டம்ளரை வாங்கி, நிறுத்தாமல், எல்லாருக்கும் தெரியும்படி தலையை நிமிர்த்திக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வெறும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பேத்தி அந்த டம்ளருக்குக் கையை நீட்டி அழுதாள். மகள் டம்ளரை எட்டத்தில் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டாரே, இன்னும் என்ன பார்க்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் எரிந்தது. குடத்தைச் சாய்த்து இரண்டு கையிலும் ஏந்தி நானும் மடக்மடக்கென்று குடித்தேன். நன்றாகப் பாருடி, சேர்ந்தே சாகிறோம் என்று கத்தத் தொடங்கினேன். இவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"திட்டாத. குழந்தைக்குக் குடுக்குற தண்ணி. பாத்துட்டே குடுக்கட்டும்."

மாப்பிள்ளையிடம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி, தெரு நடுவில், எல்லா வீட்டுக்கும் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார். கை லேசாக நடுங்கியதால் இரண்டையும் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டார். நடுங்குவதைப் பார்த்தால் விஷம் என்று நினைத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்து ஜனம் முழுவதும் நாங்கள் விழுகிறோமா என்று பார்த்துக்கொண்டு நின்றது. ஓடிப்போன தலைவரின் போலீஸ் இவரை முறைத்தபோது ஊரே இவருக்குப் பின்னால் நின்றது. இப்போது முறைத்தது ஊர், பின்னால் நிற்க நான் ஒருத்திதான் இருந்தேன். பேத்தி அழுது அழுது சத்தம் போனது. மகள் வாசலைவிட்டு நகரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு எதிர்வீட்டுக்காரி பொறுக்க முடியாமல் தன் குடத்தைத் தூக்கிக் குடித்தாள். அவள் குடித்ததைப் பார்த்த பிறகுதான் என் மகள் பேத்தியின் வாயில் டம்ளரை வைத்தாள்.